பெட்டி மூலையில் ஒரு ‘ச’

ஓய்வு பெற்றவளுக்குப் பழைய ஆபீசிலிருந்து வாட்ஸ்அப் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். யாராவது இறந்திருப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது சாவியைக் காணோம். அதனால் சென்ற மாதம் நூருலின் பெயரைத் திரையில் பார்த்ததும் நான் முதலில் என் கைப்பையைத்தான் துழாவினேன். சாவி எதுவும் இல்லை. பிறகுதான் செய்தியைத் திறந்தேன்.

நூருல் நான் வேலை பார்த்த கம்பெனியின் நிலவியலாளர். கோலாலம்பூருக்குத் தெற்கே ஸ்ரீ கெம்பாங்கானில் பாறை மாதிரிப் பெட்டிகள் வைத்திருக்கும் எங்கள் ஸ்டோரை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய மரப்பெட்டியின் கீழ் மூலை. அதில் பச்சைப் பெயின்ட் பேனாவில் ஒரு ‘ச’. அதற்குக் கீழே மலாயில் எழுதியிருந்தாள்: “ஆன்டி, இது என்ன குறி? முப்பத்தொரு பெட்டியில் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இதற்கு விளக்கம் இல்லை.”

ஸ்டோரை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். புது இடம் சிறியது. நம்பகமான பெட்டிகளைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு வைத்துக்கொள்வார்களாம். சந்தேகத்துக்குரியவற்றை லோரியில் ஏற்றிக் கொட்டிவிடுவார்களாம். அடுத்த செய்தி: “லோரி டிரைவர் இது தமிழ் எழுத்து என்கிறார். சவரிமுத்து அங்கிளின் பேரெழுத்தாம். அந்த அங்கிளே சொல்லியிருக்கிறாராம். அப்படியே பதிவு செய்துவிடட்டுமா?”

‘செய்யாதே’ என்று உடனே அனுப்பிவிட்டேன். ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்டாள். அதற்கு மூன்று நாள் நான் பதில் போடவில்லை. ஒரு எழுத்துக்கு இத்தனை யோசனையா என்று அவள் நினைத்திருப்பாள். அந்தப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகக்காரி. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், தெரிந்த கடைக்காரர் என்றாலும் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வணக்கம் சொன்னால் என்ன வேண்டும் இவருக்கு என்றுதான் தோன்றும். “சாமியே வந்து வரம் குடுத்தாலும் நீ ஐசி காட்டுங்கன்னு கேப்ப சரசு” என்பார் என் கணவர். ஐசி என்றால் இங்கே அடையாள அட்டை. இந்தக் குணத்தோடு நான் பிறந்தேனா, இல்லை வேலை கொடுத்ததா என்று எனக்கே தெரியாது. வேலைக்குப் பொருத்தமாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். கோலாலம்பூரில் ஒரு கட்டடமோ மேம்பாலமோ எழுப்புவதற்கு முன்னால் தரையில் துளை போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இயந்திரம் சுற்றிச் சுற்றி இறங்கும்போது உள்ளே இருக்கும் குழாயில் பாறை ஒரு உருளையாக ஏறி வரும். இரண்டு அங்குலத் தடிமன் இருக்கும். அதற்குக் கோர் என்று பெயர். ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் வெளியே எடுத்து, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, நடுநடுவே ஆழத்தை எழுதிய மரக்கட்டை வைத்து ஸ்டோருக்கு அனுப்புவார்கள். அங்கே நான் இருப்பேன். கழுவி, படம் எடுத்து, அளந்து, என்ன பாறை, எங்கே உடைந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு வரவில்லை என்று எழுதுவேன். முப்பத்து மூன்று வருடம் இதைத்தான் செய்தேன்.

நம் காலுக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு வகைப் பாறை. ஒன்று மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய குன்றுப் பாறை. சாலை போட மேட்டை வெட்டினால் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாகத் தெரியுமே, அது. இன்னொன்று அதற்கும் அடியில், அதைவிடப் பழையது. சுண்ணாம்புக்கல். நாற்பது கோடி ஆண்டுக்கும் முன்னால் கடலடியில் படிந்தது. இந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பவே கூடாது. ஓரிடத்தில் இரும்பு மாதிரி இருக்கும். இரண்டு எட்டு தள்ளித் துளை போட்டால் உள்ளே குகை. துளைக்கும் கம்பி சட்டென்று விழும், தண்ணீர் திரும்பி வராது. துளை போடுகிறவர்கள் அதை ‘கோசோங்’ என்பார்கள். காலி என்று அர்த்தம். காலியான இடத்தின் மேல் தூண் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலியை மறைக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. குழாய் வெறுமையாக வந்தால் அதே இடத்தில் மீண்டும் மெனக்கெட வேண்டும், கேள்வி வரும். வேறு துளையில் எடுத்த கோரில் நாலு துண்டைப் பெட்டியில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நான்.

எனக்கு வேலை பழக்கியவர் அருளம்பலம் சார். தலைமை நிலவியலாளர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. காலை சரியாக எட்டுக்கு ஸ்டோருக்குள் நுழைவார். டையின் நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். பெட்டியைத் தொடமாட்டார். முதலில் படம், பிறகுதான் கை. அதற்குப் பிறகு தண்ணீர் தெளிப்பான். காய்ந்த கல் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், நனைந்தால்தான் கோடும் புள்ளியும் வெளியே வரும். அடுத்து ஒரு சொட்டு அமிலம். பொங்கினால் சுண்ணாம்புக்கல். கடைசியாக உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார். பொருந்தினால் ‘ம்’ என்பார். நல்லது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி. “யார் பார்த்தது?”

“பதினெட்டு மீட்டரில் தண்ணீர் நின்றது சார்.” “யார் பார்த்தது?” “இன்றைக்கு மத்தியானம் லோரி வரும் சார்.” “யார் பார்த்தது?” வராத லோரியை யார் பார்க்க முடியும்? ஆனாலும் கேட்பார்.

இன்னொரு விதியும் அவருடையதுதான். பதிவில் தப்பு எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் தப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் அடித்தவரின் பேரெழுத்தும் தேதியும். “பிழை விட்டது தெரியக்கூடாது எண்டு நினைக்கிறவன்தான் பிள்ளை, நாளைக்குப் பெட்டியையும் மாத்துவான்” என்பார்.

என் முதல் வேட்டை சுபாங் ஜெயா பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் போட்ட துளை. பன்னிரண்டு மீட்டர் என்று எழுதிய துண்டிலும் பத்தொன்பது மீட்டர் என்று எழுதிய துண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடு சாய்வாக ஓடியது. எடுத்துப் பொருத்தினேன். சட்டைப் பொத்தானும் துளையும் போலச் சேர்ந்துகொண்டன. ஒரே துண்டை உடைத்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை போட்ட ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு சார் ‘ம்’ என்பதை இரண்டு முறை சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ‘ச’ வந்தது. சந்தேகப்படும் பெட்டியைக் குறித்து வைக்க வேண்டும். ஆனால் ஸ்டோருக்குத் துளை போடுகிறவர்களும் வருவார்கள், கட்டடக்காரர்களும் வருவார்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினால் சண்டை வரும். “தமிழில ஒரு எழுத்துப் போடும். உமக்கும் எனக்கும் விளங்கினால் காணும், அது போதும்” என்றார் சார். சந்தேகத்துக்குச் ‘ச’. பச்சைப் பேனா, கீழ் மூலை. இயந்திரத்தைப் பிடிக்கிற கை எழுத்தையும் படிக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இதைவிடப் பெரிய அகம்பாவம் வேறென்ன இருக்கிறது?

எங்களுக்குத் துளை போடும் சவரிமுத்து அண்ணன் கிள்ளானிலிருந்து வருவார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர். ஞாயிறு கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பெட்டிகள் எப்போதும் நிறைந்து வரும். மற்றவர்கள் ஒன்றரை மீட்டர் துளைத்தால் ஒரு மீட்டர் கோர் கிடைக்கும், மிச்சம் தண்ணீரோடு கரைந்துபோகும். இவருக்கு ஒன்றரையும் வரும், உடையாமல் வரும். இத்தனை நல்லது எங்கே இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு உயரமான கட்டடத்துக்கான இடம் அது. பள்ளத்தில் இருந்தது, அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆறாம் துளையில் குகை. எட்டாம் துளையிலும் குகை. நடுவில் இருந்த ஏழாம் துளை சவரி அண்ணனுடையது. அவர் பெட்டிகள் ஐந்தும் வாய்வரை நிறைந்திருந்தன. அங்கேதான் நடுத்தூண் வரவேண்டும். பேனாவை எடுத்தேன். ஆனால் ஆதாரம் வேண்டுமே.

ஆதாரம் கிடைத்தது. இருபத்து மூன்றாம் மீட்டரில் தண்ணீர் தெளித்தபோது சாம்பல் கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சிறு வட்டங்கள் தெரிந்தன. நடுவில் துளையோடு, சட்டைப் பொத்தான் மாதிரி. கடல் அல்லி என்பார்கள். பெயர்தான் அல்லி, உண்மையில் அது ஒரு உயிரினம். தண்டு முழுக்கப் பொத்தான்களை அடுக்கி வைத்தாற்போல் இருக்கும், செத்ததும் உதிர்ந்து கடலடியில் பரவிவிடும். நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சூட்டில் வெந்து பளிங்காகிவிட்டதால் இப்படிப்பட்ட புதைபடிவம் லேசில் கண்ணில் படாது. அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பொத்தான்களுக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு கறுப்புக் கோடு.

மறுநாள் அவருடைய பதினோராம் துளையின் பெட்டிகளைத் திறந்தேன். நான்கு பெட்டி. முப்பத்தோராம் மீட்டரில் அதே வெள்ளைப் பொத்தான்கள். இரண்டு விரற்கடை கீழே அதே கறுப்புக் கோடு.

எனக்குத் திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம். ஆயிரம் பெட்டியில் ஒன்றில்கூட வராத பொத்தான், ஒரே ஆளின் இரண்டு துளையில் எப்படி வரும்? பதினோராம் துளையில் எடுத்ததைப் பாதி வெட்டி ஏழாம் துளையின் காலியில் வைத்திருக்கிறார். முனைகளைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. சுத்தியலால் முனையைத் தட்டியிருப்பார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஒன்பது பெட்டியிலும் ‘ச’ போட்டுவிட்டு சாரின் மேசைக்கு அறிக்கை அனுப்பினேன்.

சார் வந்தார். டையால் கண்ணாடியைத் துடைத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு துண்டையும் அரை மணி நேரம் பார்த்தார். ‘ம்’ என்று சொல்லவில்லை.

“அவர் மாத்தினதை யார் பார்த்தது பிள்ளை?”

“கல்லே சொல்லுதே சார். கண்ணால பாக்குறோமே.”

“கண்ணால் காண்பதும் பொய்” என்றார்.

“காதால் கேட்பதும் பொய்” என்று நான் முடித்தேன். நான் அந்தப் பழமொழியில் இந்த இரண்டு பங்கை மட்டும்தான் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவள்.

“மிச்சத்தையும் சொல்லும்.”

“தீர விசாரிப்பதே மெய்.”

“அப்ப விசாரிப்பம்” என்றார்.

ஏழாம் துளைக்கு ஒரு கை நீளம் தள்ளி இன்னொரு துளை. வேறு ஆள் போட வேண்டும். முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை நான் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அது முடியும்வரை சவரி அண்ணனுக்கு இயந்திர வேலை இல்லை. இயந்திரத்தைப் பழுது பார்க்கிறோம் என்று அவரிடம் சொல்லச் சொன்னார்கள், நான்தான் சொன்னேன். இரண்டு வாரம் அவரை என் ஸ்டோரில் பெட்டி அடுக்க விட்டோம். முகம் கோணாமல் அடுக்கினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் அறிக்கை நிரூபணமானால் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவரை இயந்திரத்தில் கை வைக்க விடாது. துளை போடுகிறவர்களுக்குப் பெயர் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கம்பி விழவில்லை. தண்ணீர் திரும்பி வந்துகொண்டே இருந்தது. குழாயைத் திறந்து கோரைத் தொட்டியில் தள்ளினார்கள். நானே தண்ணீர் தெளித்தேன். இருபத்து மூன்றாம் மீட்டரில் வெள்ளைப் பொத்தான்கள். இரண்டு விரற்கடை கீழே கறுப்புக் கோடு.

ஒரு மனிதன் குற்றமற்றவன் என்று தெரிந்தால் மனசு லேசாக வேண்டும். எனக்கு ஆகவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

சார் வந்து பார்த்தார். “கடலுக்கடியில படிஞ்ச படுகை பிள்ளை இது. பொத்தான் எல்லாம் ஒரு பரப்பில உதிர்ந்து கிடந்தது, பிறகு முழுப் படுகையும் சரிஞ்சிட்டுது. அதனாலதான் இங்க இருபத்து மூண்டில இருக்கு, அங்க முப்பத்தொண்டில. ஒரு பாயில ரெண்டு ஓட்டை போட்டால் ரெண்டிலயும் அதே கோரைப்புல்லுத்தானே வரும்?”

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா சார்?”

“நினைச்சன்” என்றார். “நான் நினைச்சதை யார் பார்த்தது?”

புதைபடிவத்தின் வேலையே அதுதான். இரண்டு இடத்தில் ஒரே உயிர் கிடைத்தால் இரண்டும் ஒரே காலத்துப் படுகை என்று அறிவதற்குத்தான் உலகம் முழுக்க அதைத் தேடுகிறார்கள். முதல் பாடத்திலேயே வருவது. நான் அதைத் திருட்டுக்கு அடையாளமாகப் படித்தேன்.

போகும்போது சார் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “அந்த ஒன்பதிலயும் கோடு அடிச்சீரோ?”

“அடிச்சிட்டேன் சார்” என்றேன்.

அடிக்கவில்லை. இந்த ஒரு துளை சரி, மற்றதெல்லாம் சரியா என்று உள்ளே ஒரு குரல் முனகிக்கொண்டிருந்தது. அதோடு, கோடு போட்டால் பக்கத்தில் என் பேரெழுத்தைப் போட வேண்டும். ஒன்பது முறை போட வேண்டும். கை வரவில்லை.

வராத லோரிக்கும் சாட்சி கேட்டவர், அன்றைக்கு யார் பார்த்தது என்று கேட்கவில்லை. ‘ம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரி அண்ணன் இயந்திரத்துக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அவர் பெட்டியில் வரும் ஒவ்வொரு மரக்கட்டையின் பின்புறமும் தளத்து மேற்பார்வையாளரின் கையெழுத்து இருந்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு கையெழுத்து. யாரும் கேட்கவில்லை, அவராகவே வாங்கினார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். இவ்வளவு சாட்சி சேர்க்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். ஓய்வு பெறும்வரை அவர் பெட்டிகளை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நேரம் பார்த்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

சார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சவத்தின் முன்னால் நின்றபோது என் நினைவில் வந்தது அந்த ‘அடிச்சிட்டேன் சார்’தான்.

இப்போது நூருலின் கேள்விக்கு வருகிறேன். ‘ச’ என்றால் சவரிமுத்து என்று விட்டுவிட்டால், மற்ற இருபத்திரண்டு மோசமான பெட்டிகளும் நல்ல பெட்டிகளாகிவிடும். நாளைக்கு எவனோ அந்தக் கணக்கை நம்பித் தூண் வைப்பான். ‘ச’ என்றால் சந்தேகம் என்று உண்மையைச் சொன்னால், சவரி அண்ணனின் ஒன்பதும் லோரியில் ஏறும். அந்தப் பொத்தான்களும் போகும், அவர் பெயரும் சந்தேகம் என்றே நிலைத்துவிடும். இரண்டும் வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். நூருலிடம் திறப்பதற்கு முன்னால் திறக்க வேண்டிய இடம் வேறு.

கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். சவரி அண்ணன் வீட்டு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. காது மட்டும் மந்தம், இயந்திரம் தின்றது.

“வா சரசு. யாரு செத்தா?” என்றார்.

“யாரும் சாகல அண்ணே. ஒரு எழுத்து விஷயமா வந்தேன்.”

அவர் முகம் மாறவில்லை. உள்ளே பார்த்து, பால் விடாத தேநீரான தே ஓ கேட்டார். மகள் தே ஓவும் உருளைக்கிழங்கு வைத்த கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தாள். “அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு ஆன்டி. அவரு பெட்டி நல்லா இருக்கும்னு நீங்க பேரெழுத்து போட்டு வெச்சீங்களாமே” என்றாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

“அண்ணே, அந்த ச வந்து...”

“சந்தேகம்” என்றார் அவர்.

“ரெண்டு வாரம் உன் ஸ்டோர்ல பெட்டி அடுக்கினேன்ல. எந்தப் பெட்டி யாரு தோண்டினதுன்னு எனக்குத் தெரியாதா? ச போட்டதெல்லாம் பாத்தேன். எல்லாம் ஏமாத்துற பயலுங்க பெட்டி. நடுவுல என்னோடது ஒம்பது. அவனுங்க ஒருத்தன் பேரும் ச-ல ஆரம்பிக்கல. அங்க ச-ல ஆரம்பிக்கிற பேரு ரெண்டுதான். ஒண்ணு நான், ஒண்ணு நீ. நான் போடல.”

“அப்புறம் ஏன் அண்ணே பேரெழுத்துன்னு சொன்னீங்க?”

“வேற என்னான்னு சொல்றது? லோரிக்காரன் கேட்டான், உங்க எழுத்தா அண்ணேன்னு. ஆமான்னேன். பொண்ணு கேட்டா, ஆமான்னேன். சொல்லிச் சொல்லி அப்படியே ஆயிருச்சு லா.”

“வலிச்சுச்சா?”

“வலிக்காம? மத்தவன் தண்ணிய தொறந்துவிட்டுத் தள்ளுவான். நான் தண்ணிய கொறச்சு, கைய பிடியிலயே வெச்சு, கல்லு என்னா சொல்லுதுன்னு பாத்துப் பாத்து எடுப்பேன். கொறஞ்சு வந்தா திட்டுவீங்க, சரி. நெறஞ்சு வந்ததுக்குத் திட்டு வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரியாததைச் சொன்னேன். சார் அடிக்கச் சொன்னதையும், அடித்துவிட்டதாக நான் பொய் சொன்னதையும். கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

“யாரு பாத்தான்னு அவரு கேக்கலியா?”

“கேக்கல.”

“அதான். கடைசி வரைக்கும் என்னைப் பாத்தா நின்னு பேசிட்டுத்தான் போவாரு. எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிருக்காரு பாவம்” என்றார். வெட்கமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

“நாளைக்கே போய் அடிச்சிடறேன் அண்ணே.”

“யாரு பாக்குறது?”

“நூருல் இருப்பா.”

“அது உங்க ஆளு” என்றார். “நான் வரேன்.”

சந்தேகத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அவர் கண்ணில் இருந்தது அதுதான். நியாயமான சந்தேகம்.

மறுநாள் மகள் காரில் அவரைக் கொண்டுவந்து விட்டாள். நூருல் ஒன்பது பெட்டிகளையும் மேசை மேல் வரிசையாக வைத்திருந்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் விடவில்லை. இருபத்திரண்டு சந்தேகம்தான், ஒன்பது என் தப்பு என்றேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

கறுப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பெட்டி. பச்சை ‘ச’வின் குறுக்கே ஒரே கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் என் பேரெழுத்து. எல்லாப் பதிவிலும் ஆங்கிலத்தில்தான் போடுவேன். அன்றைக்குத் தமிழில் போட்டேன். கீழே தேதி. சவரி அண்ணன் குனிந்து மூக்கு பெட்டியில் படும் அளவுக்குக் கிட்டே பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். பார்த்தவர் என்ற முறையில் தன் எழுத்தைப் போட்டார். ஒன்பது பெட்டிக்கும் இதே மாதிரி.

நான்காம் பெட்டியில் நின்றார். தண்ணீர் தெளிப்பானைக் கேட்டு வாங்கி இருபத்து மூன்றாம் மீட்டரில் தெளித்தார். வெள்ளைப் பொத்தான்கள் வெளியே வந்தன. இந்த இடத்தைத்தானே சொன்னாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். விரலால் ஒரு முறை தடவிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

நூருல் படம் எடுத்தாள். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து குழம்பினாள். ஒரு மூலையில் இப்போது மூன்று ‘ச’. “ஆன்டி, மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதே. எது என்ன என்று பதிவது?”

“கோடு போட்டது சந்தேகம், அது தப்பு” என்றேன். “அடுத்தது தப்பு செய்தவள். கடைசி, பார்த்தவர்.”

அவள் தட்டினாள். அவள் எழுதுவது மலாயில். சவரி அண்ணனுக்குக் கண்ணாடி வீட்டில். என் முழங்கையைத் தொட்டார்.

“சரியா டைப் அடிச்சாளான்னு பாரு சரசு.”

நான் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நூருலிடம் திரும்பி, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார்.